பைச்சிலந்தியின் பெயர்

நமது எழுதுமேசையின் மீது, மைக்கூட்டுக்கு அருகில், விரல் உயரமுள்ள சிறு கண்ணாடிக் குப்பி ஒன்று சில ஆண்டுகளாக இருந்து வருகிறது. அதனுள் தெளிந்த திரவத்தில், கால்களை மடக்கியபடி ஒரு சிலந்தி கிடக்கிறது. இல்லத்திற்கு வரும் விருந்தினர் அதனைக் கண்டு முகம் சுளிப்பதும், பிள்ளைகள் கையிலெடுத்துக் குலுக்கிப் பார்க்க முனைவதும், நாம் பதறி எழுந்து வாங்கி வைப்பதும் வழக்கமாகிவிட்டன. "இதைப் போய் ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று வினவுவோர்க்கு ஒரு வரியில் விடையிறுக்க நம்மால் இயல்வதில்லை. அந்த விடையைச் சற்று விரிவாகவே ஈண்டு எழுதிவிடக் கருதுகிறோம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் விலங்கியல் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவர் நாம். தவளையின் இரத்த ஓட்டத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைந்த கை இது. ஆயினும், நம் வீட்டுத் திரைச்சீலையின் மடிப்பில் குடியிருந்த ஓர் உயிர் இன்னதெனச் சொல்ல வேண்டிய வேளை வந்தபோது நம் நாவில் எழுந்தது ஒரே ஒரு சொல்தான். அச்சொல்லைச் சொல்லாதிருந்தால் நமது மூத்த லாத்தாவின் வலக்காலில் இன்று ஐந்து விரல்களும் இருந்திருக்கக்கூடும்.

2019 ஆம் ஆண்டு ஐப்பசி. காயல்பட்டினத்தில் மழை பிடித்திருந்தது. லாத்தா அவர்களுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. வாப்பா மவுத்தான பின்னர் நம்மைத் தூக்கி வளர்த்தவர்கள். கைம்பெண்ணாகி நம்மோடேயே இருந்து வந்தார்கள். ஒரு நாள் ஸுப்ஹுத் தொழுகைக்கு ஒளூச் செய்யும்போது, வலக்காலின் சுண்டுவிரலை ஒட்டி ஒரு கொப்புளத்தைக் கண்டார்கள். வலி இல்லை. "எப்ப வந்துச்சுன்னே தெரியலியே தம்பி" என்றார்கள். அவ்வளவில் அது முடிந்திருக்கும். ஆனால் விடிந்தபின் மருமகள் படுக்கையை உதறி, கட்டிலை ஒட்டித் தொங்கிய திரைச்சீலையை விலக்க, அதன் மடிப்பிலிருந்து வெளிறிய மஞ்சள் நிறச் சிலந்தி ஒன்று விரைந்து ஓடிற்று.

வேறு சான்று வேண்டுமா? குற்றவாளி அகப்பட்டாயிற்று! வலிக்காமல் கடித்திருக்கிறது, உறக்கத்தில் கடித்திருக்கிறது. பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்து, தமக்குத் தெரிந்த ஒருவருக்குச் சிலந்திக் கடியால் கை அழுகிப்போன கதையைச் சொன்னார்கள். முற்பகலுக்குள் முடுக்கு வழியே நான்கு தெருக்களுக்குச் செய்தி போய்விட்டது.

சிலந்தியை அடிக்கத் துடைப்பம் வந்தது. நாம் தடுத்தோம். தடுத்ததற்கு இரு காரணங்கள். ஒன்று, உம்மா. நாம் சிறுவராக இருந்தபோது சிலந்தியை அடிக்கக் கையோங்கினால் அந்தக் கையிலேயே ஒரு தட்டு விழும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் தங்கியிருந்த தவ்ர் குகையின் வாயிலில் வலை பின்னிய உயிரல்லவா அது, என்பார்கள். நம் இல்லங்களில் இக்கதை கேளாமல் வளர்ந்த பிள்ளை ஏது? மற்றொரு காரணம், ஆசிரியத் தொழிலின் பழக்கம். கண்ணாடித் தம்ளர் ஒன்றைக் கவிழ்த்து, அடியில் ஓர் அஞ்சலட்டையைச் செருகி, அதனைப் பிடித்துக்கொண்டோம்.

பின்னர் லாத்தாவை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அறைக்குள் நுழைந்ததும், லாத்தா வாய் திறக்குமுன் நாம் சொன்னோம்: "சிலந்தி கடித்துவிட்டது, டாக்டர்." அவரும் நம்மை அறிந்தவர், நாம் விலங்கியல் ஆசிரியர் என்பதையும் அறிந்தவர். கொப்புளத்தை ஒருமுறை பார்த்தார். "சர்க்கரை உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்றார்கள் லாத்தா. "இல்லை" என்றோம் நாமும். ஒருநாளும் பரிசோதித்ததே இல்லை என்பதன்றோ அந்த "இல்லை"க்குப் பொருள்! சீட்டில் சிலந்திக் கடி என எழுதப்பட்டது. ஒரு களிம்பும், அரிப்புக்கான மாத்திரையும், ஐந்து நாளைக்கு.

தமிழில் இச்சொல்லுக்கு ஒரு வினோதம் உண்டு. சிலந்தி என்றால் எட்டுக்கால் பூச்சி மட்டுமன்று. புண், கட்டி என்றும் பொருள். அகராதியைப் புரட்டிப் பாருங்கள், இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். ஒரு காலத்தில் ஊருணித் தண்ணீரைக் குடித்தவர்களின் காலில் புண்ணாகி, அப்புண்ணின் வாயிலிருந்து நூல்போல் வெளிப்பட்ட புழுவுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் நரம்புச் சிலந்தி. அந்நோய் இந்தியாவிலிருந்து ஒழிந்துவிட்டதாக 2000 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நோய் போயிற்று, சொல் தங்கிவிட்டது. பூச்சியையும் புண்ணையும் ஒரே பெயரால் அழைத்துப் பழகிய மொழியில், புண்ணைக் கண்டவுடன் பூச்சியைத் தேடுவதில் வியப்பென்ன? ஆனால் இது பின்னாளில் நாம் சிந்தித்தது. அன்று நாம் சிந்திக்கவில்லை, சிலந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆம், அதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த பதினெட்டு நாட்களும் நாம் சிலந்தியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தேடி எடுத்தோம். பள்ளியிலிருந்து விலைக்கு வாங்கி வந்திருந்த உடற்கூறு நுண்ணோக்கியைத் துடைத்து வைத்தோம். சிலந்தியின் உடல் மென்மையானது. உலர்ந்தால் சுருங்கிச் சிதைந்துவிடும். எழுபது முதல் எண்பது விழுக்காடு எரிசாராயத்தில்தான் வைக்க வேண்டும். மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி வந்ததற்கு வீட்டில் நடந்த விசாரணையைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். "தொழுற வீட்டுல சாராயமா?" என்றார்கள் நம் துணைவியார். ஊசி போடுமுன் பஞ்சில் நனைத்துத் துடைப்பதுதான் இது என்று விளக்கி, முஸல்லா விரிக்கும் அறைக்குள் கொண்டுவருவதில்லை என்ற உடன்படிக்கையின் பேரில் அனுமதி பெற்றோம்.

உருப்பெருக்கியின் கீழ் அந்த உயிர் வேறோர் உலகமாக விரிந்தது. தலையில் எட்டுக் கண்கள், வரிசைக்கு நான்காக இரு வரிசைகள். கால் நுனியில் இரண்டே நகங்கள். அவற்றினடியில் தூரிகைபோல் மயிர்க்கற்றை. வலை பின்னி அதில் தொங்கி வாழும் சிலந்திகளுக்கு நகங்கள் மூன்று. மூன்றாவது நகம் நூலைப் பற்றுவதற்கு. ஆகவே இது வலை விரித்துக் காத்திருப்பதன்று, இரவில் நடந்து இரை தேடுவது. பகலில் என் செய்யும்? இலையை வளைத்தோ, துணி மடிப்பிலோ, சுவர் மூலையிலோ வெண்பட்டால் ஒரு பை நெய்து அதனுள் முடங்கிக் கிடக்கும். திரைச்சீலையை மீண்டும் போய்ப் பார்த்தோம். மடிப்பினுள்ளே, நகக்கண் அளவில் வெள்ளையாய் ஒரு பை, இருபுறமும் வாயிலோடு இருந்தது. ஆங்கிலேயர் இவ்வகையைப் பையின் பெயராலேயே அழைப்பர். நாம் பைச்சிலந்தி என்போமே.

இந்தப் பை நெய்யும் விருப்பம் பெரியோரையும் விட்டுவைத்ததில்லை. 2011 ஆம் ஆண்டில் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் விற்ற ஏறத்தாழ 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் தொட்டியின் காற்றுக் குழாயினுள் மஞ்சள் பைச்சிலந்திகள் நூல் நெய்து அடைத்துவிட, தொட்டியில் அழுத்தம் மாறி வெடிப்பு ஏற்படக்கூடுமென்ற அச்சம். நம் வீட்டுச் சிலந்தி நமது மேஜைக்கு வந்ததே பெரிதென்று அடங்கிக் கிடந்தது.

பைச்சிலந்தி என்றறிந்தது முதற்படி. நாம் கல்லூரியில் படித்த காலத்தில் இவையெல்லாம் குளூபியோனிடே என்னும் ஒரே குடும்பத்தில் கிடந்தன. அது குடும்பமா, சத்திரமா என்று கேட்கும்படி, வேறெங்கும் இடங்கிடைக்காத இரண்டு நகச் சிலந்திகள் பலவும் அதில் வந்து தங்கியிருந்தன. அக்குடும்பத்தின் இரு பேரினங்கள் மேலோட்டமாய்ப் பார்த்தால் அண்ணன் தம்பிபோல் இருக்கும்: குளூபியோனா, கெய்ரகாந்தியம். பிரித்தறிய வழியுண்டு. குளூபியோனாவில் பின்னங்கால்களே பெரும்பாலும் நீளம். கெய்ரகாந்தியத்தில் முன்னங்கால்கள் நீளம். முன்னதன் முதுகோட்டின் நடுவே சிறு பள்ளக்கோடு ஒன்று ஓடும். பின்னதற்கு அது இல்லை, அல்லது தெளிவில்லை. உடலின் பின்நுனியில் நூல் சுரக்கும் சிறு முனைகளுள் பின் இணையின் கடைக்கணு கெய்ரகாந்தியத்தில் கூம்புபோல் நீண்டிருக்கும். நம் சிலந்தியை அளந்தோம். முன்கால் நீளம். முதுகு வழவழப்பு. நூல்முனை கூம்பு. மூன்றும் ஒன்றையே கூறின.

கெய்ரகாந்தியம்! 1839 இல் ஜெர்மானியர் கார்ல் லுட்விக் கோக் இட்ட பெயர். வனத்துறையில் பணிபுரிந்தவர் அவர். கிரேக்க மொழியில் 'கெய்ர்' என்றால் கை, 'அகாந்தா' என்றால் முள். ஆண் சிலந்தியின் வாயருகே இரண்டு குறுங்கைகள் உண்டு. அவற்றின் நுனிக் கிண்ணத்தின் அடியிலிருந்து பின்னோக்கி ஒரு முள் நீளும். கைமுள்ளன் என்று தமிழாக்கலாம். பெயரைக் கண்டறிந்த அந்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை, அத்தனை மகிழ்ச்சி. இரண்டு அறைகளுக்கு அப்பால் லாத்தா அவர்கள் களிம்பு தடவிய காலைத் தலையணை மீது வைத்துப் படுத்திருந்தார்கள். கொப்புளம் உடைந்து, ஓரம் கறுத்துக்கொண்டிருந்தது. சிலந்தி விஷம் இறங்க நாளாகும் என்று நாமே அவர்களுக்குத் தேறுதல் கூறியிருந்தோம்.

பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் கண்டது. பாதம் முழுவதும் வீங்கி, சுண்டுவிரல் கரிக்கட்டை நிறமாகியிருந்தது. திருநெல்வேலிக்கு வண்டியில் கொண்டு சென்றோம். அங்கிருந்த இளம் மருத்துவர், பெண்மணி, நம்மிடம் எதையும் கேட்குமுன் லாத்தாவின் விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார். சர்க்கரை 380. பின்பு ஒரு கைப்பிடியில் பொருத்திய நைலான் இழையை எடுத்து, லாத்தாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, "தெரிகிறதா?" என்று வினவினார். தொட்டது ஒன்றும் லாத்தாவுக்குத் தெரியவில்லை. இடக்காலிலும் தெரியவில்லை. நாம் அருகில் நின்றிருந்தோம். வலியில்லாக் கொப்புளம் என்பது சிலந்தியின் சாதுரியமன்று. பல ஆண்டுகளாக அறியப்படாதிருந்த சர்க்கரை நோயினால் காலின் நரம்புகள் மரத்துப்போனதன் அடையாளம் என்பது அக்கணத்தில் விளங்கிற்று.

"புதுச் செருப்பு ஏதும் போட்டார்களா?" என்று மருத்துவர் கேட்டார். பேத்தியின் திருமணத்துக்காக வாங்கிய செருப்பு. அதன் வார், கொப்புளம் எழுந்த அதே இடத்தில். நாம் தலையை மட்டும் அசைத்தோம்.

விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இரு வாரங்கள் முன்னதாக வந்திருந்தால் விரலும் தப்பியிருக்கலாம் என்று அவ்வம்மையார் மென்மையாகத்தான் சொன்னார். முதலில் பார்த்த மருத்துவர் மீது உறவினர் சிலர் சினங்கொண்டனர். அச்சினத்தில் நம்மால் கலந்துகொள்ள இயலவில்லை. அவர் எழுதியது நாம் சொன்னதை. நாம் சொன்னது நாம் அறியாததை.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு, குப்பியைக் கண்காணாமல் எறிந்துவிடும் எண்ணமே முதலில் தோன்றிற்று. எறியவில்லை. ஒரு பொய்ச் சாட்சியத்தைச் சொல்லிவிட்டு, யார்மீது சொன்னோமென்றுகூட அறியாமல் எழுந்து போவதா? தவிரவும், இந்தச் சிலந்தி கடித்தால் உண்மையில் என்னதான் ஆகும் என்பதை அறிய வேண்டியிருந்தது. வளைகுடாவில் பணிபுரியும் நம் மகன் தேடியெடுத்துக் கைப்பேசியில் அனுப்பிவைத்த ஆய்வுரை ஒன்று, நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. 2006 இல் அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து எழுதியது. கெய்ரகாந்தியம் கடித்தால் தசை அழுகும் என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலமாய்க் கூறி வந்தன அல்லவா, அதற்கு ஆதாரம் எங்கே என்று அவர்கள் கேட்டனர். கடித்த சிலந்தியைக் கையோடு பிடித்து, வல்லுநர் பார்த்துப் பெயர் உறுதி செய்த நிகழ்ச்சிகளை மட்டுமே கணக்கில் எடுத்தனர். அவ்வாறு அவர்கள் திரட்டியவை 20. அனைவருக்கும் கடுத்தது. சிலருக்குச் சிவந்து வீங்கிற்று. ஒருவருக்கேனும் தசை அழுகவில்லை. உலகெங்கும் முன்னர் அச்சேறியிருந்த உறுதிப்பட்ட நிகழ்ச்சிகள் 39ஐயும் ஆராய்ந்தனர். அவற்றுள்ளும் ஒன்றே ஒன்றில், ஓர் ஐரோப்பியச் சிற்றினத்தின் கடியில், சிறிதளவு அழுகல். எஞ்சிய பெருங்கதைகளெல்லாம், புண்ணைப் பார்த்துவிட்டுப் பூச்சியை ஊகித்தவை.

அதற்காக இது சாதுவான பிராணி என்று நாம் சொல்ல வரவில்லை. கையில் எடுத்து நசுக்கினால் கடிக்கும். குளவி கொட்டியதுபோல் உடனே கடுக்கும். பிள்ளைகள் பையைப் பிரித்துப் பார்க்க விரலை விடுவது வேண்டாம்.

அடுத்த கேள்வி: கெய்ரகாந்தியம் என்றால் எந்தக் கெய்ரகாந்தியம்? இப்பேரினத்தில் உலகெங்கும் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள். அவற்றைப் பார்வைக்குப் பிரிப்பது கடினம். எல்லாம் மஞ்சள், எல்லாம் வெளிறல், எல்லாவற்றுக்கும் கருந்தாடை. வண்ணத்தை நம்பிச் சிலந்திக்குப் பெயர் வைப்பவர் ஏமாறுவார். ஆணாயின் குறுங்கையின் நுனியமைப்பையும், பெண்ணாயின் அடிவயிற்றிலுள்ள இனப்பெருக்கத் தகட்டையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிற்றினத்துக்கும் அது பூட்டும் சாவியும் போல் தனி வடிவம். அவ்வுறுப்புகள் கடைசித் தோலுரிப்புக்குப் பின்னரே முழுமையடைகின்றன. நம் குப்பியில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தோம். குறுங்கை புடைக்கவில்லை, வயிற்றில் தகடும் இல்லை. பருவமெய்தாக் குஞ்சு! லாத்தாவின் விரலுக்காக நாம் பழி சுமத்தியது ஒரு குஞ்சின் மீது.

வளர்ந்த ஒன்றைத் தேடலானோம். 2020 இல் கொரோனா ஊரடங்கு வந்து எல்லோரையும் வீட்டில் கட்டிப்போட்டபோது, இஷாவுக்குப் பின் கைவிளக்கோடு கொல்லையைச் சுற்றுவதே நம் உலாவாயிற்று. நாட்காட்டியின் பின்னே ஒரு பை, காலி. எலுமிச்சை இலையின் வளைவில் ஒரு பை, உள்ளே தாயும் முட்டைகளும். அதனைத் தொட மனம் வரவில்லை. ஜப்பானில் வாழும் இதன் உறவினம் ஒன்றைப் பற்றிப் படித்திருந்தோம்: தாய் பைக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டைகளைக் காக்கும், குஞ்சுகள் வெளிவந்து முதல் தோலுரித்த சில நாட்களில் தாயைச் சூழ்ந்து உண்டுவிடும், தாயும் விலகிப் போவதில்லை. நம் எலுமிச்சைத் தாய் அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. எனினும் இலையை இருந்தபடியே விட்டு வந்தோம். நான்கு இரவுகளுக்குப் பின், துணி உலர்த்தும் கொடியருகே, பையில்லாது நடந்துகொண்டிருந்த வளர்ந்த பெண் ஒன்று அகப்பட்டது. இன்று நம் மேஜையில் இருப்பது அதுவே.

தகட்டை வெளியிலிருந்து பார்த்தால் போதாது. அதன் உள்ளே சுருண்டோடும் குழல்கள் தெரிய வேண்டும். நுண்ணிய ஊசியால் அதைப் பிரித்தெடுத்துக் கிராம்பு எண்ணெயில் இட்டால் தசை கண்ணாடிபோல் தெளிந்து உள்ளமைப்பு புலப்படும். பல்வலிக்கு உம்மா பஞ்சில் வைத்த அதே எண்ணெய். நம் கை நடுக்கத்தில் ஒருமுறை தகடு தவறி மேஜைவிரிப்பில் விழ, அரைமணி நேரம் தேடினோம். பார்த்ததைப் பென்சிலால் வரைந்தோம், ஏழு முறை.

வரைந்ததை எதனோடு ஒப்பிடுவது? இங்குதான் சிலந்தியின் வரலாறு மனிதரின் வரலாறாகிறது. இந்தியாவின் கெய்ரகாந்தியங்களுள் சிலவற்றுக்கு 1874 இல் பெயரிட்டவர் ஆக்டேவியஸ் பிக்கார்டு-கேம்பிரிட்ஜ். இங்கிலாந்தின் டார்செட்டில் பிளாக்ஸ்வர்த் என்னும் சிற்றூரின் பாதிரியார். ஞாயிறு பிரசங்கம், மற்ற நாட்களில் உலகின் நாற்புறமிருந்தும் வந்து சேர்ந்த குப்பிகள். ஸ்வீடன் நாட்டுத் தோரெல் 1895 இல் பர்மியச் சிலந்திகளுக்குப் பெரும் பட்டியல் எழுதினார்; கருவாயன் என்னும் பொருளில் மெலனோஸ்டோமம் என்று ஒன்றுக்குப் பெயர் அதில்தான் உள்ளது. நம் சென்னையிலேயே, எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக 1920 முதல் 1940 வரை இருந்த கிரேவ்லி, 1931 இல் இந்தியச் சிலந்திக் குடும்பங்கள் நான்கைப் பற்றி எழுதிய நெடுங்கட்டுரையில் குளூபியோனிடேயும் ஒன்று. மறு ஆண்டே அவர் பெயர் அருங்காட்சியகத்தின் செப்புப் படிமங்களின் பட்டியலிலும் காணப்படுகிறது. ஒரே மனிதர், ஒரு கையில் சிலந்தி, மறு கையில் சோழர் காலச் செம்பு! பின்னர் நம் நாட்டவரான திக்கதர் வந்தார். இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையை வழிநடத்திய அப்பெரியார் மஜூம்தாருடன் சேர்ந்தெழுதிய குளூபியோனிடே நூல் 1991 இல் வெளியாயிற்று. நமக்கு வழிகாட்டியாய் அமைந்தது அதுவே.

ஆனால் அந்நூலில் உள்ள குடும்பப் பெயர் இன்று செல்லாது. கெய்ரகாந்தியம் சத்திரத்தை விட்டு வெளியேறி மூன்று வீடுகள் மாறிவிட்டது. சிலகாலம் மிதுர்ஜிடே. 1967 இல் பின்லாந்தின் லெஹ்டினென் வகுத்திருந்த ஓர் உட்குழுவை, 2014 இல் அர்ஜென்டினாவின் ராமிரெஸ் தனிக் குடும்பமாக உயர்த்த, யூட்டிகூரிடே. பிறகு, 1887 இலேயே வாக்னர் இட்ட பெயர் மூத்தது என்று கண்டு, இப்போது கெய்ரகாந்தியிடே. இவற்றையெல்லாம் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகர அருங்காட்சியகம் பராமரிக்கும் உலகச் சிலந்திப் பட்டியலில் காணலாம். 2022 ஏப்ரலில் அப்பட்டியல் ஐம்பதாயிரம் சிற்றினங்களைத் தொட்டது. பெயரை அடிக்கடி மாற்றுகிறார்களே என்று சலித்துக்கொள்வோர் உண்டு. நமக்கோ அதில் ஒரு நிம்மதி. தவறென்று கண்டால் திருத்திக்கொள்ளும் ஏடு அது. லாத்தாவின் மருந்துச் சீட்டை அவ்வாறு திருத்த பத்தொன்பது நாட்களாயின.

நம் ஓவியத்தை வைத்துக்கொண்டு மெலனோஸ்டோமம் என்றே நாம் முடிவு கட்டியிருந்தோம். வாய் கறுப்பாக இருந்ததே! ஆயினும் இம்முறை நாவை அடக்கிக்கொண்டு, சிலந்தியியல் ஆய்வாளர் ஒருவருக்குக் கேரளத்திற்குக் கடிதம் எழுதி, அவ்வழி சென்ற மைத்துனர் மகனிடம் குப்பியையும் கொடுத்தனுப்பினோம். 2021 இல் குப்பி திரும்பி வந்தது, ஒரு பக்கக் கடிதத்தோடு. பேரினம் சரியே. சிற்றினத்தைப் பொறுத்தவரை, கருந்தாடை இப்பேரினத்தில் பலவற்றுக்கும் உண்டு. இந்தியாவில் கூறப்பட்டவற்றுள் சில ஆணை மட்டும் கொண்டும், சில பெண்ணை மட்டும் கொண்டும் எழுதப்பட்டவை. எது எதற்கு இணை என்பதை, முதலில் பெயரிடப்பட்ட மாதிரிகளோடு ஒப்பிட்டாலன்றிக் கூற முடியாது. ஆகவே ஒரு தனிப் பெண்ணைக் கொண்டு, பேரினத்திற்கு அப்பால் தாம் பெயர் கூறுவதற்கில்லை. ஆண் கிடைத்தால் அனுப்புக.

வாழ்நாளெல்லாம் இதையே ஆராய்ந்தவர், நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு எழுதிய கடிதம் அது. அதனை இருமுறை படித்தோம். சீட்டு எழுதினோம். நாள், ஊர், கொடியருகே இரவு ஒன்பது மணி, பெண், கெய்ரகாந்தியம். அதற்கு மேல் இடம் வெறுமையாய் விட்டோம்.

லாத்தா அவர்கள் வெள்ளை வயரில் பின்னிய நாற்காலியில் அமர்ந்து நாம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தம்பி, அதுக்குப் பேரு கிடைச்சுதா?"

"பாதிதான் கிடைச்சுது லாத்தா. மீதிக்கு ஆம்பிளைச் சிலந்தி வேணுமாம்."

"அன்னைக்கு டாக்டர்கிட்ட முழுசாச் சொன்னியே."

ஏளனமாகச் சொல்லவில்லை, அவர்களுக்கு ஏளனம் வராது. கேட்டுவிட்டு, காலுக்குக் கட்டாயமாகிவிட்ட மென்செருப்பை உள்ளங்கையால் தட்டி, உள்ளே மணலேதும் உண்டாவென்று விரலால் தடவிப் பார்த்து, மஃரிபுக்கு எழுந்தார்கள். ஒவ்வொரு நாளும் அப்படிச் செய்கிறார்கள். இரவில் நாம் கைவிளக்கடித்து அவர்களின் இரு பாதங்களையும் விரலிடுக்கு வரை பார்க்கிறோம். சர்க்கரை அளவைக் குறிக்கும் நோட்டுப் புத்தகமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இப்போது ஒரே இழுப்பறையில்.

கடந்த ஐப்பசியில் மழைக்கு முன்பாகத் திரைச்சீலைகளைத் துவைக்க எடுத்தபோது, லாத்தாவின் கட்டிலோரத் திரையின் மேல் மடிப்பில் மறுபடியும் ஒரு வெள்ளைப் பை தென்பட்டது. மருமகள் நம்மைப் பார்த்தாள். நாம் குப்பியைத் தேடிக்கொண்டு எழுந்தோம், ஆணாக இருந்துவிட்டால்? அதற்குள் லாத்தா, "அதை மட்டும் அடுத்த வாரம் துவைச்சுக்கலாம்மா" என்று சொல்லி, தம் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடச் செய்தார்கள்.